ஆங்கிலச் சொற்களுக்கும் வயது உண்டு

ஆங்கிலத்தில் கேட்பதற்கு ஆஸ்க் என்ற சொல் இருக்கிறது, க்வெஸ்சன் இருக்கிறது, இன்டராகேட்டும் இருக்கிறது. மூன்றுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். ஆனால் தெருவில் போகிறவரிடம் வழி கேட்டால் ஆஸ்க். கணக்கு இடிக்கிறதே என்று மேலதிகாரி துருவினால் க்வெஸ்சன். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்து விசாரித்தால் இன்டராகேட். போகப் போகச் சொல் நீளமாகிறது, விறைப்பும் கூடுகிறது. மேலே எழுவதற்கு ரைஸ், மவுன்ட், அசெண்ட் என்று மூன்று. அரசனுக்குரியதைச் சொல்லவும் கிங்லி, ராயல், ரீகல் என்று மூன்று.

இப்படி மூன்று மூன்றாக அமைந்ததற்குக் காரணம் வரலாறு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் சொல்லின் வேர், ஐந்தாம் நூற்றாண்டு முதல் படகேறி வந்து பிரிட்டனில் குடியேறியவர்கள் கொண்டுவந்தது. இரண்டாவது, 1066க்குப் பிறகு அங்கே ஆட்சி செய்த பிரெஞ்சு பேசும் பிரபுக்களோடு வந்தது. மூன்றாவது, படித்தவர்கள் லத்தீன் ஏடுகளிலிருந்து எடுத்துக்கொண்டது. கீழடிக் குழியில் எந்த ஆழத்தில் பானை ஓடு கிடைத்தது என்பதை வைத்துக் காலம் சொல்வதுபோல, ஒரு சொல் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அது ஏன் அப்படி ஒலிக்கிறது, ஏன் அப்படி எழுதப்படுகிறது, ஏன் வீட்டில் ஒன்றும் நீதிமன்றத்தில் வேறொன்றுமாகப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் விளங்க ஆரம்பிக்கும். இதை ஆராயும் துறைக்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்தே களைத்துப்போன நமக்கு இது ஒரு பெரிய ஆறுதல் என்று நான் நம்புகிறேன். தாறுமாறாகத் தெரியும் பல விஷயங்களுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது.

அடியில் கிடப்பவை

ரோமானிய ஆட்சி கி.பி. 410 வாக்கில் பிரிட்டனில் முடிந்தது. அதற்குப் பிறகு இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து கடற்கரைகளிலிருந்து ஆங்கிள்கள், சாக்ஸன்கள், ஜூட்டுகள் என்ற கூட்டத்தார் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேசிய ஜெர்மானியக் கிளைமொழிகளைத்தான் பழைய ஆங்கிலம் என்கிறோம். ஏற்கெனவே அந்த மண்ணில் இருந்த கெல்டிக் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் மிகக் குறைவு. தேம்ஸ், ஏவன் போன்ற ஆற்றுப் பெயர்களில் அவர்கள் நிலைத்திருக்கிறார்கள். ஏவன் என்பதற்கே ஆறு என்றுதான் பொருள்.

வாட்டர், ஹவுஸ், ஹேண்ட், ஐ, ஹார்ட், மதர், ஈட், டிரிங்க், ஸ்லீப், குட், ஓல்டு. இவையெல்லாம் இந்த அடி அடுக்கு. ஒரு பெரிய ஆங்கில அகராதியை எடுத்துச் சொற்களை எண்ணினால் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை பாதிக்கு மேல் இருக்கும். ஜெர்மானியச் சொற்கள் கால்வாசி அளவுதான் தேறும். ஆனால் ஒரு சாதாரணப் பேச்சைப் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள், கணக்கு தலைகீழாகிவிடும். மிக அதிகமாகப் புழங்கும் முதல் நூறு சொற்களில் ஏறக்குறைய எல்லாமே ஜெர்மானியச் சொற்கள்தான். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஓர் இடம், பேச்சில் அதே சொல் ஆயிரம் முறை வரும். "ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் கடன் வாங்கியது" என்று யாராவது சொன்னால், எதை எண்ணிச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த அடுக்கில் எனக்கு மிகவும் பிடித்த இணை லார்டு, லேடி. ரொட்டியைக் குறிக்கும் லோஃப் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஹ்லாஃப். ரொட்டியைக் காப்பவன் ஹ்லாஃப்வெயார்ட். அதுதான் தேய்ந்து தேய்ந்து லார்டு ஆனது. லேடியின் பழைய வடிவம் ஹ்லாஃப்திகே, ரொட்டி மாவு பிசைபவள். வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறவர் யார் என்பதுதான் அன்றைக்கு அதிகாரத்தின் அளவுகோல்.

உறவுச் சொற்களையும் கொஞ்சம் பார்ப்போம். அங்கிள் என்ற ஒரே சொல்லில் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரையும் அடைக்கிறார்களே என்று நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அம்மாவின் சகோதரர் எயாம், அப்பாவின் சகோதரர் ஃபேடெரா. அத்தைக்கு ஃபாது, சித்தி பெரியம்மாவுக்கு மோட்ரியே. அங்கிள், ஆன்ட், நெஃப்யூ, நீஸ், கசின் ஐந்தும் பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்தவை. அவை வந்து பழைய சொற்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன, தாய்வழி தந்தைவழி வேறுபாடும் சொல்லில் இல்லாமல் போனது. மதர், ஃபாதர், சன், டாட்டர், பிரதர் மட்டும் அசையவில்லை. வீட்டின் நடுக்கூடத்துச் சொற்களை எந்த ஆட்சி மாற்றமும் எளிதில் தொடுவதில்லை.

ஒலியே தரும் சாட்சி

ஸ்ட்ரீட், வால், வைன், சீஸ், கிச்சன் எல்லாம் லத்தீன் சொற்கள்தான். ஆனால் அவை மிகப் பழையவை. ரோமானிய வணிகர்களோடும் படைகளோடும் பழகிய காலத்திலேயே ஜெர்மானிய மக்களிடம் வந்து சேர்ந்துவிட்டவை. இதை எப்படித் தெரிந்துகொள்கிறோம்? ஒலியை வைத்துத்தான்.

சீஸ் என்பதற்கு லத்தீன் மூலம் காசெயுஸ். தொடக்கத்தில் இருந்த க் எப்படிச் ச் ஆனது? மிகப் பழைய காலத்தில் ஆங்கிலத்துக்குள் ஒரு ஒலி மாற்றம் நடந்தது. இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் இருந்த க் ஒலி ச் ஆக மாறியது. ஜெர்மன்காரர் மோவாயைக் கின் என்பார், ஆங்கிலேயர் சின் என்பார். ஸ்காட்லாந்தில் தேவாலயம் கிர்க், இங்கிலாந்தில் சர்ச். இதைக் கேட்டுத் தமிழர் யாரும் வியக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. கன்னடத்தில் கேரி, நமக்குச் சேரி. அதே மாற்றம்தான் இங்கேயும் நடந்திருக்கிறது. சரி, சீஸ் இந்த மாற்றத்துக்கு ஆளாகியிருக்கிறது என்றால், மாற்றம் நடப்பதற்கு முன்பே அது உள்ளே வந்திருக்க வேண்டும். பின்னால் வந்திருந்தால் தப்பித்திருக்கும். எழுத்துச் சான்று எதுவும் இல்லாத காலத்துச் சொல்லுக்குக்கூட இப்படி வயது கணிக்க முடிகிறது.

அடுத்த அடுக்கையும் ஒலியே காட்டிக்கொடுக்கிறது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்த வைக்கிங்குகள், அதாவது டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிகள், பிற்பாடு கொள்ளையோடு நிற்கவில்லை. குடும்பத்தோடு வந்து வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துத் தங்கினார்கள். 878இல் மன்னர் ஆல்ஃபிரட் அவர்களை வென்ற பிறகும் அந்தப் பகுதிகள் டேனியர் ஆதிக்கத்திலேயே இருந்தன. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று பி-யில் முடியும் ஊர்ப் பெயர்கள் அவர்கள் வைத்தவை. பி என்றால் ஊர்.

அவர்களுடைய நார்ஸ் மொழியும் பழைய ஆங்கிலமும் பங்காளி மொழிகள். ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்க் ஒலி ஆங்கிலத்தில் ஷ் ஆகிவிட்டது, நார்ஸில் ஸ்க் ஆகவே இருந்தது. ஆங்கிலேயருக்கு ஃபிஷ், டேனியருக்கு இன்றைக்கும் ஃபிஸ்க். அதனால் ஸ்கை, ஸ்கின், ஸ்கில் போன்ற அன்றாடச் சொற்களைக் கண்டால் அவை நார்ஸ் வழி வந்தவை என்று ஊகிக்கலாம். ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே மூலச் சொல்லின் இரண்டு வடிவங்கள். ஆங்கிலத்தில் வளர்ந்தது ஷர்ட், நார்ஸில் வளர்ந்தது ஸ்கர்ட். இரண்டும் ஒரே ஊரில் சந்தித்தபோது ஒன்று மேலுக்கு, மற்றது இடுப்புக்குக் கீழே என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன.

நார்ஸ் கொடுத்ததிலேயே ஆச்சரியமானது தே, தெம், தெயர் மூன்றும்தான். சாதாரணமாக எந்த மொழியும் 'அவர்கள்' என்ற சொல்லைப் போய்க் கடன் வாங்காது. பெயர்ச்சொற்களை வாங்கும், வினையை வாங்கும், சுட்டுப் பெயரை வாங்குவது மிக அரிது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'அவன்' ஹே, 'அவர்கள்' ஹியே. ஒலிகள் தேயத் தேய இரண்டும் ஒன்றுபோலக் கேட்க ஆரம்பித்தன. குழப்பம் வந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் தெளிவான சொல் கைகொடுத்தது. அதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. 1400இல் இறந்த கவிஞர் சாஸர் தே என்று எழுதுகிறார், ஆனால் தெம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய ஹெம்தான் எழுதுகிறார்.

இந்த இழுபறிக்கு ஒரு நேரடிச் சாட்சியம் இருக்கிறது. இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கடல் கடக்கப் புறப்பட்ட வணிகர்கள் சிலர், காற்று இல்லாததால் கரையில் இறங்குகிறார்கள். அவர்களில் ஷெஃபீல்டு என்ற பெயருடைய ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கேட்கிறார், குறிப்பாக எக்ஸ் வேண்டும் என்கிறார். வீட்டுக்காரம்மா, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்கிறார். வணிகருக்குக் கோபம் வருகிறது. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, அவர் கேட்டது முட்டை. பிறகு இன்னொருவர் எய்ரென் வேண்டும் என்று சொன்னதும், "அப்படிச் சொல்லுங்கள், இப்போது புரிகிறது" என்கிறார் அந்த அம்மா. எய்ரென் பழைய ஆங்கிலச் சொல், எக்ஸ் வடக்கே வைக்கிங்குகள் விட்டுப்போன நார்ஸ் சொல். அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் முட்டைக்கு நாட்டில் இரண்டு சொற்கள் மோதிக்கொண்டிருந்தன. இந்தக் காலத்தில் எந்தச் சொல்லை எழுதுவது, எய்ரெனா எக்ஸா என்று காக்ஸ்டன் அலுத்துக்கொள்கிறார். கடைசியில் வென்றது எக்.

பிரெஞ்சுக்காரர்கள் வந்த பிறகு

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் வென்றார். அரசர், பிரபுக்கள், பிஷப்புகள் என்று மேல்மட்டம் முழுவதும் பிரெஞ்சு பேசியது. பாதிரியார்களின் ஏடுகளில் லத்தீன், குடியானவர் வாயில் ஆங்கிலம். கோர்ட், ஜட்ஜ், ஜூரி, பிரிசன், டேக்ஸ், பார்லிமென்ட், ஆர்மி, கவர்ன்மென்ட் என்று அதிகாரம் சம்பந்தப்பட்ட சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது. இந்தக் காலகட்டத்தில் ஆங்கிலத்துக்குள் வந்த பிரெஞ்சுச் சொற்கள் ஏறத்தாழ பத்தாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு விளக்கம் உண்டு. வயலில் நிற்கும்போது கௌ, ஷீப், பிக் என்று ஆங்கிலப் பெயர், தட்டில் வரும்போது பீஃப், மட்டன், போர்க் என்று பிரெஞ்சுப் பெயர். மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் பிரபு. சொற்களின் பிறப்பிடம் சரிதான். ஆனால் அந்தப் பாகுபாடு 1066லேயே இவ்வளவு சுத்தமாக விழுந்துவிடவில்லை. பீஃப், மட்டன் இரண்டும் பல நூற்றாண்டுகள் உயிருள்ள மாட்டையும் ஆட்டையும்கூடக் குறித்தன. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒன்று விலங்குக்கு, ஒன்று இறைச்சிக்கு என்று பிரிந்தன. அழகான விளக்கம் எதைக் கேட்டாலும் பழைய ஏடுகளில் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தத் துறையின் முதல் பழக்கம்.

பிரெஞ்சிலும் ஒரே பிரெஞ்சு வரவில்லை. முதலில் வந்தது வடக்கத்திய நார்மன் பிரெஞ்சு, பின்னால் வந்தது பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சு. அதனால் ஒரே சொல் இரண்டு முறை நுழைந்தது. நார்மனில் வ் என்று தொடங்கியது பாரிஸில் க் ஆனது. எனவே வார்டன், கார்டியன் இரண்டும் ஒரு சொல். வாரன்டியும் கேரன்டியும் ஒரு சொல். கடையில் மிக்ஸி வாங்கும்போது "வாரன்டியா கேரன்டியா" என்று கேட்கிறோமே, நார்மண்டியும் பாரிஸும் அந்தக் கேள்விக்குள் நிற்கின்றன. கேட்டில் நார்மன் வடிவம், சேட்டல் பாரிஸ் வடிவம், கேப்பிட்டல் நேரே லத்தீன். மூன்றுக்கும் மூலச் சொல் ஒன்றே, பொருள் சொத்து. மாடு என்றால் செல்வம் என்று பொருள்கண்ட நமக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

படித்தவர்கள் இறக்கியது

பதினாறாம் நூற்றாண்டில் லத்தீன், கிரேக்க நூல்களை விழுந்து விழுந்து படித்த காலத்தில் ஆயிரக்கணக்கான சொற்கள் நேராக ஏட்டிலிருந்து இறக்கப்பட்டன. எதிர்ப்பும் எழுந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக், நம் மொழியைப் பிற மொழிக் கலப்பில்லாமல் எழுத வேண்டும் என்று வாதாடினார். பைபிளை மொழிபெயர்க்கும்போது லூனடிக் என்ற லத்தீன் சொல்லை விட்டுவிட்டு, நிலவைக் குறிக்கும் மூன் என்பதிலிருந்து மூன்டு என்று ஒன்றை ஆக்கிப் பயன்படுத்தினார். அவர் ஆக்கியவை நிற்கவில்லை. ஆனாலும் அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். சாதாரண வாசகனுக்கு எட்டாத உயரத்தில் மொழி போய்விடக் கூடாது என்பதுதான் அது. 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில அகராதியே இப்படி வந்து இறங்கிய சுமார் 2,500 கடினச் சொற்களுக்குப் பொருள் சொல்லத்தான் பிறந்தது.

நம்மைப் பள்ளியில் படுத்திய பேசாத எழுத்துகள் பலவும் இந்தக் காலத்துக் கைவேலை. கடன் என்று பொருள்படும் டெட் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி எழுத்து இல்லை. அதன் லத்தீன் மூலம் டெபிட்டும் என்று காட்டுவதற்காக அறிஞர்கள் பி-யைச் செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் டவுட்டிலும் அதே கதை. ஐலேண்டில் இருக்கும் எஸ் இன்னும் அநியாயம். அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு சம்பந்தமே இல்லை. பிரெஞ்சு வழி வந்த ஐல் என்ற சொல்லின் சாயலில் தவறாக எஸ் ஒட்டிக்கொண்டது. அதை எழுத மறந்துபோய் அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ.

இந்த அடுக்கையும் அடி அடுக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். கால் ஃபூட், காலால் மிதிப்பது பெடல். அப்பா ஃபாதர், அப்பாவுக்குரியது பேட்டர்னல். பல் டூத், பல் மருத்துவர் டென்டிஸ்ட். கொம்பு ஹார்ன், கொம்பு வடிவ வாத்தியம் கார்னெட். லத்தீனில் ப் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஃப், மென்மையாக ஒலிக்கும் ட இருந்தால் அழுத்தமான ட, க இருந்தால் ஹ. ஜெர்மானிய மொழிகள் மட்டும் பழங்காலத்தில் இப்படி வரிசையாக மாறின என்பதை 1822இல் ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் விரிவாக எழுதிக் காட்டினார். ஒரே கருத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் இரண்டு சொற்களில் ஒன்று பிறந்த வீட்டுச் சொல், மற்றது தூரத்து உறவான லத்தீனிலிருந்து திரும்பி வந்தது.

பொருளும் நகரும்

வடிவம் மாறுவதுபோலப் பொருளும் மாறும். இன்றைக்கு அசட்டுத்தனம் என்று பொருள்படும் சில்லி, முதலில் அருள் பெற்றவர், மகிழ்ச்சியானவர் என்ற பொருளில் வழங்கியது. அருள் பெற்றவர் கள்ளமில்லாதவர். கள்ளமில்லாதவர் பாவம், இரக்கத்துக்குரியவர். இரக்கத்துக்குரியவர் பலவீனர். பலவீனர் புத்தி குறைந்தவர். ஒவ்வொரு படியும் இயல்பாகத்தான் இருக்கிறது, மேலிருந்து கீழே பார்த்தால்தான் தூக்கிவாரிப் போடுகிறது. நைஸ் எதிர்த்திசையில் ஏறியது. லத்தீனில் 'அறியாதவன்' என்று இருந்தது, பிரெஞ்சு வழியாக 'முட்டாள்' என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது, பிறகு நுணுக்கம் பார்ப்பவர், நுட்பமானது என்றெல்லாம் ஆகி, பதினெட்டாம் நூற்றாண்டில் 'நல்லது, இனியது' என்று நின்றது. கேர்ள் ஒரு காலத்தில் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் குறித்தது. மீட் எல்லா உணவையும், டீர் எல்லா விலங்கையும் குறித்தன.

இவையெல்லாம் ஊகம் இல்லை என்பதற்கு ஆதாரம், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காகச் செய்யப்பட்ட வேலை. லண்டன் மொழியியல் கழகம் 1857இல் விதை போட்டது. 1879 முதல் ஜேம்ஸ் மர்ரே தலைமை ஆசிரியர். ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மேலே சொல், கீழே நூலின் பெயர், ஆண்டு, பக்கம் குறித்து அஞ்சலில் அனுப்புவார்கள். மர்ரே தன் தோட்டத்தில் ஒரு இரும்புத் தகரக் கொட்டகை போட்டு, சுவரெல்லாம் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, லட்சக்கணக்கான சீட்டுகளை அதில் அடுக்கினார். ஒரு சொல்லுக்கு வந்த சீட்டுகளை ஆண்டு வரிசையில் மேசையில் பரப்பினால் போதும். எந்த ஆண்டில் முதலில் எழுதப்பட்டது, எங்கே பொருள் திரும்பியது என்று கண்ணுக்கே தெரியும். முதல் பகுதி 1884இல் வந்தது, முழு அகராதி 1928இல் முடிந்தது. மர்ரே அதைப் பார்க்கவில்லை, 1915லேயே இறந்துவிட்டார்.

தமிழிலிருந்து போனவை

கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர், கறி, அணைக்கட்டு, பச்சிலை என்று நம் சொற்களும் ஆங்கில அகராதியில் கேட்டமரன், செரூட், மல்லிகட்டானி, கரி, அனிகட், பச்சூலி என்று உட்கார்ந்திருக்கின்றன. இந்தியாவிலிருந்து போன சொற்களை ஹென்றி யூலும் ஆர்தர் பர்னெலும் திரட்டியது, ஹாப்சன்-ஜாப்சன் என்ற பெயரில் 1886இல் பெரிய அகராதியாக வந்தது. பர்னெல் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர், தஞ்சாவூர் அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர்.

கேஷ் காசிலிருந்து வந்ததா என்று அடிக்கடி கேட்பார்கள். பதில், ஒரு கேஷ் வந்தது, இன்னொன்று வரவில்லை. சென்னையில் கம்பெனிக் காலத்தில் புழங்கிய சிறு செப்புக் காசுக்கு ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். 80 காசு ஒரு பணம், 42 பணம் நட்சத்திரப் பகோடா என்ற ஒரு பொன் நாணயம் என்பது அன்றைய வாய்ப்பாடு. அந்தக் கேஷ் நம் காசு, போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது. ரொக்கம் என்று பொருள்படும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. லத்தீனில் அதற்கு மூலம் கப்சா, பெட்டி. ஆங்கிலத்திலும் அது முதலில் பணப்பெட்டியைக் குறித்திருக்கிறது. இரண்டும் பின்னால் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன.

ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நினைப்பதுதான் நம்மிடையே இன்று பரவும் பெரிய பிழை. ஒன்றுதான் ஒன் ஆனது என்று வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் ஒன் என்பது ஆன். இன்று நாம் கேட்கும் வ் ஒலி மத்திய காலத்தின் பிற்பகுதியில் ஒட்டியது. அது ஒட்டாத பழைய வடிவம் அலோன், ஓன்லி ஆகியவற்றுக்குள் இன்னும் இருக்கிறது. ஜெர்மனில் ஐன்ஸ், பழைய லத்தீனில் ஓய்னோஸ். நம் ஒன்றின் உறவினர் கன்னட ஒந்து, தெலுங்கு ஒகட்டி, மலையாள ஒன்னு. இரண்டு குடும்பங்களையும் பின்னோக்கிக் கொண்டுபோகப் போக அவை விலகுகின்றன, நெருங்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாயை டாக் என்றே சொன்னார்கள். ஆங்கிலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, வெறும் தற்செயல். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் நிறுவியது வேர்ச்சொற்களையும் இலக்கணத்தையும் வரிசையாக ஒப்பிட்டுத்தான். தமிழின் பெருமைக்கு அந்தக் கண்டிப்பான முறையே போதும்.

அப்புறம், நியூஸ். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று எனக்கும் பள்ளியில் சொல்லித்தந்தார்கள். அது 'புதிது' என்ற நியூவின் பன்மை, 'புதியவை' என்ற பொருளில் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் ஆக்கும் வழக்கம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முந்தைய சொல் எதற்காவது அப்படி ஒரு விளக்கம் கேட்டால் உடனே சந்தேகப்படலாம்.

கடைசியாக, ஒரு சாப்பாட்டு மேசையை எடுத்துக்கொண்டு பழகிப் பாருங்கள். டேபிள் பிரெஞ்சு. அதற்கு முன்னால் ஆங்கிலேயர் மேசையைப் போர்டு என்றார்கள். போர்டு சாப்பாட்டையும் குறிக்கத் தொடங்கியது, நம் பேருந்து நிலையங்களுக்கு எதிரே "போர்டிங் அண்ட் லாட்ஜிங்" என்று எழுதியிருப்பது அந்தப் போர்டுதான். ஸ்டூல் பழைய ஆங்கிலம், ஒரு காலத்தில் சிம்மாசனத்தையும் குறித்தது. பிரெஞ்சிலிருந்து சேர் வந்ததும் முதுகுச் சாய்மானத்தை இழந்து கீழே போனது. நைஃப் நார்ஸ். ஸ்பூன் பழைய ஆங்கிலம், முதல் பொருள் மரச்சில்லு. ஃபோர்க் பழைய லத்தீன் வரவு, முதலில் வைக்கோல் அள்ளும் கவைக்கோல். பிளேட்டும் சாஸும் பிரெஞ்சு. பிரெட் பழைய ஆங்கிலம், பட்டர் லத்தீன் வழி வந்த கிரேக்கம், எக் நார்ஸ். சுகர் பிரெஞ்சுக்கு முன் அரபு, அதற்கு முன் வடமொழிச் சர்க்கரா. பெப்பர் லத்தீன், கிரேக்கம் என்று பின்னால் போனால் வடமொழிப் பிப்பலி, அதாவது திப்பிலி. ஜிஞ்சரும் அப்படியே லத்தீன், கிரேக்கம், பாலியில் சிங்கிவேரம் என்று பின்னோக்கிப் போய் நம் இஞ்சிவேரில் முடிகிறது.